பன்னிரண்டாவது

பையன் சொல்வதையெல்லாம்
நோட்டில் எழுதி வரச் சொன்னார் டாக்டர்.
இரண்டரை வயது. அரைப் பக்கம்.

முதலில் "த்தா".
தண்ணீரா, தா என்பதா, தாத்தாவா?
ஒன்றாக எண்ணுவதா மூன்றாகவா என்று
ஒரு ராத்திரி போனது.

வீட்டில் என்ன மொழி என்றும் கேட்டார்.
எனக்குத் தமிழ், ரெஜிதாவுக்கு மலையாளம்,
சண்டைக்கு இரண்டும்.
அதனால்தானோ என்று பயந்து
ஒரு மாதம் தமிழில் மட்டும் கொஞ்சினாள்,
சொல் கிடைக்காத இடத்தில்
முத்தம் கொடுத்தாள்.

பக்கத்து போர்ஷன் குழந்தை, நாலு மாதம் இளையது,
"கரண்ட் போயிருச்சு மாமா" என்றது.
மெழுகுவத்தி தேடுகிறவன் மாதிரி
உள்ளே போய்விட்டேன்.

வேலந்தாவளம் எடைமேடையில் எனக்கு வேலை.
லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்
இவனுக்கு அப்படியே வரும்,
இடைவெளி பிசகாமல்.
அதைப் பன்னிரண்டாவதாக எழுதியிருந்தாள்.
"இது சொல்லே இல்லை" என்று அடித்தேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
எந்த மொழியிலும்.

நேற்று வாசலில் பைக்கைப் பின்னுக்குத் தள்ளினேன்.
"பீ... பீ..."
விளையாடுகிறான் என்று இன்னும் தள்ளினேன்.
"பீ பீ பீ பீ"
குரல் உடைந்தது.
நின்று திரும்பினால்
சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால்
ரெஜிதா காயவைத்த மிளகாய்த் தட்டு.
இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தான்,
எத்தனை தடவை சொல்வது என்பதுபோல.

வெள்ளிக்கிழமை பாலக்காடு போகணும்.
அடித்த கோட்டின் மேலேயே திரும்ப எழுத உட்கார்ந்தேன்.
எத்தனை "பீ" போடுவதென்று தெரியவில்லை.
அவளைக் கூப்பிட்டேன்.