பத்தாம் கதவு, திருப்பல் பிரிவு

பிராம்டனில் இரவு பதினொன்றுக்கு
லொறி பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு வந்து நிற்கும்.
வாங்கியவர்கள் வேண்டாம் என்றதெல்லாம்
என் மேசைக்கு வரும்.

நான் பார்க்கவேண்டியது மூன்று:
பெட்டி உடைந்திருக்கிறதா,
உள்ளே சாமான் இருக்கிறதா,
ஏன் திருப்பினார்கள்.
புதிது என்றால் பச்சை ஸ்டிக்கர்.
பாவித்தது என்றால் சிவப்பு.
சிவப்பு எல்லாம் நசுக்கும் மெஷினுக்கு.
அந்தச் சத்தத்துக்கு என் பற்கள் பழகிவிட்டன.

முட்டையைச் சதுரமாக்கும் அச்சு.
காரணம்: இது கோழியை அவமதிப்பது.

ஸ்ட்ரோபெரியின் கொண்டையைப் பிடுங்க ஓர் இடுக்கி,
அதை வைக்க ஒரு தோல் உறை,
உறையைத் துடைக்க ஒரு துணி.
காரணம்: துணி மட்டும் வந்தது.

உப்புப் போத்தல், வைஃபையோடு.
பாஸ்வேர்ட் கேட்கிறது.
ஒரு சிட்டிகைக்கு இரண்டு அப்டேட்.
காரணத்தில் முழுக்கக் கெட்ட வார்த்தை;
குல்ஜீத்தைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்,
ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

வெங்காயம் வெட்டும்போது போடும் கண்ணாடி,
ரோஸ் நிறம், ஓரத்தில் பஞ்சு.
காரணம்: நல்ல சாமான். ஆனால் எனக்கு வெங்காயத்தால் இல்லை.
இதற்கு எந்த இலக்கம் அடிப்பது?
ஏழு அடித்தேன்.
ஏழு என்றால் ‘எதிர்பார்த்தபடி இல்லை’.

எங்கள் குசினியில் ஒரே கத்தி.
பிடி கழன்று, கறுப்பு டேப் சுற்றியது.
அது வெட்டாதது ஒன்றும் இல்லை,
பெப்ரவரியில் கார்க் கதவில் உறைந்த ஐஸ் உட்பட.
அதனால்தான் போன மாதம்
கிருபாநிதியின் கட்டிலுக்குக் கீழே
ஒற்றை முட்டை அவிக்கும் மெஷினைக் கண்டபோது
கத்தினேன்.
ஒரு முட்டை. ஒன்றே ஒன்று.
வெந்ததும் பாட்டுப் பாடுமாம்.
முப்பத்தொன்பது டொலர் தொண்ணூற்றொன்பது சதம்!
சட்டி இல்லையா? தண்ணி இல்லையா?
வீட்டில் மணிக்கூடு இல்லையா?
“திருப்பி அனுப்புங்கோ.”
மனுசன் வாய் திறக்கவில்லை.
பெட்டியை ஒட்டி, பூட்ஸ் போட்டு,
ஸ்னோவுக்குள் இறங்கிப் போனார்.

நேற்று விடியப்புறம் மூன்றரைக்கு
அது வந்தது.
இத்தனை கதவு இருக்க, என் கதவுக்கு.
எங்கள் முகவரி. அவருடைய கோணல் டேப்.
காரணம்: மனுசிக்குப் பிடிக்கவில்லை.

திறந்தேன்.
மூடியின் விளிம்பில்,
சரியாகக் கட்டைவிரல் படும் இடத்தில்,
மஞ்சள்.
எங்கள் வீட்டுக் கறித்தூளின் மஞ்சள்.
ரேகைகூடத் தெரிந்தது.

பாவித்திருக்கிறார்.
நான் பகலில் தூங்கும்போது இல்லை,
பாட்டுக் கேட்டிருக்கும்.
இரவில்.
நான் இங்கே ஊரார் பெட்டிகளைத் திறந்துகொண்டு நிற்க,
அங்கே, மிச்சச் சோற்றுக்கு ஒரு முட்டையை வைத்து,
அது பாடி முடியும்வரை
பக்கத்தில் நின்றிருக்கிறார்.

எத்தனை இரவு?
ஸ்கேனரை அமத்தினேன்.
வாங்கியதற்கும் திருப்பியதற்கும் இடையில்
இருபத்தெட்டு நாள்.
நான் கண்டது இருபத்தேழாம் நாள்.

விதிப்படி இது சிவப்பு.
டெரன்ஸ் கோப்பி எடுக்கத் திரும்பிய நேரம்
விரலில் எச்சில் தொட்டு அழுத்தித் துடைத்தேன்.
மஞ்சள் லேசில் போகுமா.
சட்டைக் கையால் தேய்த்தேன்.
கொஞ்சம் கிடந்தது,
தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

பச்சை ஒட்டினேன்.

அடுத்த பெட்டி:
வெட்டிய அன்னாசிக்குப் போடும் கம்பளித் தொப்பி.
காரணம் எழுதவில்லை.