மாணவர் தொகை

வெள்ளிக்கிழமைக்குள் வலயப் பணிமனைக்குப் போகவேண்டும் படிவம்.
அதிபர் என்னிடம்தான் தருவார்,
என் எழுத்து கட்டத்துக்குள் அடங்குமாம்.
புளூமெண்டல் பாதையில் கொள்கலன் லொறி போகும்போதெல்லாம்
மேசை நடுங்குகிறது.
நான் எழுதும் ஏழு ஒன்றைப்போல் இருக்கிறது.

மொத்த மாணவர் நாற்பத்தொன்பது.
போன வருடம் ஐம்பத்தாறு.
ஐம்பதுக்குக் கீழே போனால்
பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம்.
சிற்றூழியர் பீரிஸ் அண்ணன் சொல்கிறார்,
சொல்லிக்கொண்டே மணியைத் துடைக்கிறார்.

இனவாரியாக என்றொரு பகுதி.
ஐந்தாம் ஆண்டு இர்ஷான் ஜல்தீனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
வாப்பா மலாய். அம்மா மேரி சிசிலியா,
ஊர் வத்தளை, வேலை குவைத்.
வீட்டில் என்ன பேசுவீர்கள்?
"வாப்பா இருந்தா சிங்களம் டீச்சர்.
அம்மா கோல் எடுத்தா தமிழ்.
ரெண்டு பேரும் சண்டை பிடிச்சா எல்லாம்."
பென்சிலால் மலாயில் ஒரு கோடு போட்டேன்,
அழிக்கக்கூடிய மாதிரி.

மறுபக்கம் புலமைப்பரிசில்.
தோற்றியோர் பதினொருவர்.
எழுபதுக்கு மேல் நால்வர்.
வெட்டுப்புள்ளியைத் தாண்டியவள் நிதுர்ஷிகா மட்டும்.
கிராண்ட்பாஸ் சந்தியில் வடை போடுகிறவரின் மகள்.
பெறுபேறு வந்த அன்று
ஆசிரியர் அறைக்கு ஒரு பார்சல் வந்தது,
பத்திரிகைத் தாளில் எண்ணெய் ஊற ஊற.
மறுநாள் அதே சந்தியில் பதாகை.
கோட் போட்டுக் கைகட்டி நிற்கிறார் டியூஷன் மாஸ்டர்,
ஓரத்தில் முத்திரை அளவுக்கு அவள்.
'எமது வகுப்பின் வைரம்.'
பள்ளியின் பெயருக்கு இடம் போதவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.
பஸ்ஸில் ஏறிய பிறகுதான் நினைத்தேன்,
புதன், சனி, ஞாயிறு
என் மகனும் அவரிடம்தான் போனான்.
அவன் படிப்பது பம்பலப்பிட்டியில்,
ஐந்தாம் ஆண்டில் மட்டும் ஏழு பிரிவுகள்.
விலாசத்தைக் கொஞ்சம் நகர்த்தித்தான் சேர்த்தோம்.
அவனுடைய புள்ளியை இந்தப் படிவம் கேட்கவில்லை.
நானும் இங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஆகக் குறைந்த புள்ளி முப்பத்திரண்டு. இர்ஷான்.
காரணம் எழுத ஒரு விரலளவு இடம்.

இர்ஷான் எழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை.
*அமமா வநதா கொழுமபு நலலா இருககும.*
மூன்று வருடமாகச் சொல்கிறேன்,
மெய்யெழுத்தென்றால் தலையில் புள்ளி.
தலையாட்டுவான். அடுத்த வரியிலும் அப்படியே.
ஒருநாள் திருப்பிக் கேட்டான்:
"புள்ளி வச்சா உயிர் போயிடும் எண்டு
நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?"
சொன்னேன்தான்.
சுலபமாக விளங்கட்டும் என்று சொன்னது.
அதன்பிறகு சில நாள்
சிவப்புப் பேனையோடு அவன் கொப்பியைத் திருத்தும்போது
கொழும்புக்குப் புள்ளி வைப்பேன், வந்தாவுக்கு வைப்பேன்,
அந்த முதல் சொல்லை விட்டுவிடுவேன்.
திருத்தத்தானே எனக்குச் சம்பளம்.

காரணம்: கவனக்குறைவு.
யாருடையது என்று கேட்க
அதில் கட்டம் இல்லை.

பள்ளி விடுகிற நேரம் வாசலில் அவனே நிற்கிறான்,
கையில் ஒரு சின்னப் பிள்ளை,
பிள்ளையின் கையில் பொலித்தீனில் சுற்றிய
சிங்களத்தில் எழுதிய பிறப்புச் சான்றிதழ்.
"என்ட சித்தியோட மகள் டீச்சர். ஒவினி.
புது ஃப்ளட்டுக்கு வந்திட்டாங்க.
அம்மாதான் கோல்ல சொன்னா, இங்க சேர்க்கச் சொல்லி."
பிறகு கொஞ்சம் யோசித்து,
"நான் போறேன்தானே. அதுக்குப் பதிலா."

நாற்பத்தொன்பதை அழித்தேன்.
அழிரப்பர் தாளைக் கொஞ்சம் உரித்துவிட்டது.
ஒவினி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு
எட்டி எட்டிப் பார்க்கிறாள்.
தொகையை எழுதியாயிற்று.
இனக் கட்டத்துக்கு வந்தபோது
லொறியொன்று திரும்பும் சத்தம்.
பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி
அது போகும்வரை இருந்தேன்.