நான்கு நிமிடம்

டுலூத் நகரில் ஏழாம் எண் பேருந்து என்னுடையது.
என்னுடையது என்றால்
காலை ஆறே கால் முதல் இரண்டு மணிவரை.
ஏரிமுனையில் கிளம்பி, தூக்குப்பாலம் தாண்டி,
மேட்டில் கல்லூரி வாசலைத் தொட்டுத் திரும்பும்.

செப்டம்பரில் நிற்க இடமிருக்காது.
புதுப் பைகளின் வாசனை, யாரோ சிந்திய காபி.
அக்டோபர் பாதியில்
எல்லோருக்கும் ஜன்னலோரம் கிடைத்துவிடும்.
யார் யார் நின்றுபோனார்கள் என்று
கல்லூரிக்கு டிசம்பரில் கணினி சொல்லும்.
எனக்கு இருக்கைகள் சொல்லிவிடுகின்றன.

போன வருஷம் முன்வரிசையில் இரண்டு பேராசிரியர்கள்
இதைத்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.
பணத்தால் இத்தனை பேர், கணக்குப் பாடத்தால் இத்தனை,
உடம்பு, வீடு, காதல்.
"மீதி?" என்றார் ஒருவர்.
மற்றவர் தோளைக் குலுக்கியதைக் கண்ணாடியில் பார்த்தேன்.
மீதியில் ஒருத்தி
வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

நான் சேர்ந்தது வேறு கல்லூரி.
வேதியியல் வகுப்புக்குக் கதவு
கரும்பலகைக்குப் பக்கத்தில்.
பிந்தி வருகிறவள் மேடையேறுவதுபோல் நுழையவேண்டும்.
ஏழாவது வாரம், ஒரு செவ்வாய்,
நான்கே நிமிடம்.
கதவில் கையகலக் கண்ணாடி.
உள்ளே எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.
என் நாற்காலியில் எவனோ கோட்டைப் போட்டிருந்தான்.
திரும்பிவிட்டேன்.

வியாழன் சரியான நேரத்துக்குப் போனேன்,
ஏன் வரவில்லை என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தோடு.
ஒருவரும் கேட்கவில்லை.
வயிற்றில் கல் விழுந்தது அப்போதுதான்.
அடுத்த செவ்வாய் அந்தக் கதவுவரை நடக்க
கால் வரவில்லை.

விலகல் படிவத்தில் காரணம் எழுத ஒரே வரி.
'வீட்டுச் சூழ்நிலை' என்று எழுதினேன்.
வீடு நன்றாகத்தான் இருந்தது.
அப்பா கூரைக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் ஏரிமுனையில் ஒருவன் ஏறுவான்.
பழுப்பு மேல்சட்டை, சுரங்கத் தொழிலாளி போடுவது,
மார்பில் சிவப்பு நூலால் டுவேன்.
ஐந்து வாரம் மனசுக்குள் டுவேன் என்றே கூப்பிட்டேன்.
ஒருநாள் தொலைபேசியில், "எமெட் பேசுகிறேன்" என்றான்.
சட்டை அப்பாவுடையதோ, பழந்துணிக் கடையில் வாங்கியதோ,
தெரியவில்லை.
கல்லூரியில் யாரும் அவனை
டுவேன் என்றுகூடக் கூப்பிட்டிருப்பார்கள் என்று தோன்றவில்லை.
தனியாகவே இறங்குவான்.

சென்ற செவ்வாய் பாலம் தூக்கிவிட்டார்கள்.
இரும்புத்தாது ஏற்றிய கப்பல், ஒரு தெரு நீளம்,
அவசரமே இல்லாமல் போனது.
கப்பல் ஊதியது. பாலம் பதிலுக்கு ஊதியது.
மேட்டில் முடிந்தவரை மிதித்தேன்.
வாசலில் எட்டு மணி நான்கு நிமிடம்.

மற்றவர்கள் குதித்து ஓடினார்கள்.
அவன் படிவரை வந்தான்,
கைப்பேசியைப் பார்த்தான்,
போய் உட்கார்ந்துகொண்டான்.

என்னிடம் ஒரு சொல் இருந்தது.
இருபத்தாறு வருஷமாகத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த சொல்.
பின்னால் லாரிக்காரன் ஒலி எழுப்பினான்.
கதவை மூடினேன்.

இரண்டு சுற்று வந்தான்.
ஏரி சாம்பல் நிறத்தில் ஒருமுறை வலப்பக்கம்,
ஒருமுறை இடப்பக்கம்.
"இது எங்கே போய் முடியும்?" என்றான்.
"முடியாது. சுற்றும்" என்றேன்.
தலையாட்டினான், விலாசம் கிடைத்தவன்போல.

பணி முடிந்ததும் பதிவேட்டில் எழுதினேன்:
தாமதம், நான்கு நிமிடம். காரணம், பாலம்.
மேலாளர் படிக்காமலே கையெழுத்திட்டார்.

வியாழன் ஏரிமுனையில்
அட்டவணையைத் தாண்டி ஒரு நிமிடம் நின்றேன்.
காற்றில் நிறுத்தத்துக் கூரைத் தகடு அடித்துக்கொண்டது.
இன்னொரு நிமிடம்.
மூன்றாம் வரிசையில், நீலக் குல்லாய்ப் பெண்
மணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
மறுபடி மணியை.

வண்டியை எடுத்தேன்.