ஊசிக் கணக்கு

என் கடையில் நாலாயிரம் குண்டூசி இருக்கும்.
காந்தக் கிண்ணத்தில், தக்காளிப் பஞ்சில்,
சட்டைக் கழுத்தில் எப்போதும் இரண்டு,
அவசரத்துக்குப் பல்லிடுக்கில் ஒன்று.
இருபத்தாறு வருஷமாக ழான்-தலோன் வீதியில்
ஊரார் காற்சட்டையை மடித்துக் குத்துகிறேன்.
செத்தவர் ஒருவரும் இல்லை.
ஒரு மாப்பிள்ளை மட்டும், இடுப்பளவில், கத்தினார்.

பெப்ரவரி. கதவைத் திறந்தால் பனியும் கூடவே வரும்.
மிர்லாந்த் வந்தார், தலையில் ஊதாத் துண்டு.
மேசையில் விரித்தார்:
கொடி. சிவப்புப் பட்டில் ஓர் இதயம்.
உள்ளங்கை இடத்தில் முந்நூறு மினுக்குச் சில்லு,
ஒவ்வொரு சில்லின் நடுவிலும் ஒரு பாசிமணி,
ஒவ்வொரு மணிக்கும் தனி முடிச்சு.
பின்பக்கம் திருப்பி முடிச்சைப் பார்த்தேன்;
தைத்தவர் மேல் மரியாதை வந்தது.
"தம்பி" என்றார். "போர்த்தோ பிரான்சில். ஏழு மாதம்."

ஓரத்தில் ஒரு முழத்துக்குக் கிழிசல்.
கிழிசல் இல்லை, வெட்டு. நேர் வெட்டு.
விமான நிலையத்தில் கையுறை போட்ட பையன் ஒருவன்
உள்ளே தூள் இருக்குமா என்று தேடினானாம்.
இருந்தது பருத்தி.

காற்சட்டை எடுக்க வந்த சிவகௌரி
அவருடைய பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டாள்:
பட்டு நாடா சுற்றிய உருண்டை,
நீண்ட கழுத்து, உச்சியில் இறகு,
உடம்பெங்கும் ஊசி.
"சூனியமடி, தொடாதை.
படத்திலை பாக்கேல்லையே?
பொம்மைக்குக் குத்த, ஆள் அங்கை துடிக்கும்."
தமிழில்தான் சொன்னாள்.
அந்த முகத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

மிர்லாந்த் உருண்டையை எடுத்து என் பக்கம் நீட்டினார்.
ஊசியைத் தொட்டு, நாடாவைத் தொட்டு,
எங்கள் இருவரின் ஓட்டைப் பிரெஞ்சில்:
"பிடிக்க. கழராமல் பிடிக்க.
உள்ளே இலை. மருந்து."
பிறகு,
"பொம்மையா? அது சினிமாக்காரரின் சாமி."

பார்த்தேன். சரிதான்.
மடிப்பு நழுவும் இடத்தில்தான் ஊசி.
நானும் அங்கேதான் குத்தியிருப்பேன்.
ஒன்று மட்டும் சாய்ந்திருந்தது. கேட்டுவிட்டு நிமிர்த்தினேன்.

சிவகௌரி போகவில்லை.
காற்சட்டையை நெஞ்சோடு அணைத்தபடி
"அப்ப உந்த இதயம்?" என்றாள்.
"எஸிலி. வாசனை பிடிக்கும் அவளுக்கு, கேக் பிடிக்கும்.
எவ்வளவு கொடுத்தாலும்
கடைசியில் அழுதுகொண்டுதான் போவாள்."
"எதுக்கு அழுறாவாம்?"
அதற்கு என் பிரெஞ்சு போதவில்லை.
அவருடையதும் போதவில்லை என்று நினைக்கிறேன்.

இரவு, கடை பூட்டியபின்,
சிவப்பு நூலை மூன்று தரம் மாற்றினேன். நிறம் சேரவில்லை.
தொண்ணூற்றொன்றில், மிராபெல் விமான நிலையத்தில்
என் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து மணந்தவன்
இது என்ன என்று கேட்டான்.
சாம்பல் என்றேன்.
யாருடையது, என்றான்.
இன்னும் பதில் தேடுகிறேன், நூல் கோக்கும்போது.

வெட்டின் இரு கரையையும் சேர்த்துப் பதினொரு ஊசி.
தைக்கத் தைக்க ஒவ்வொன்றாய் எடுத்து
கிண்ணத்தில் போட்டேன்.
பில்லில் எழுதினேன்:
கொடி, ஓரம், ஒரு முழம். பதினெட்டு டொலர்.
சாய்ந்த ஊசிக்குக் காசு போடவில்லை.