கடைசிப் பேருந்து

வியாழக்கிழமை புதுப்படம். மூன்றாவது வரிசை, ஓரம்.
மோன்டெவிடியோவின் ஜூலைக் காற்று
கடலோரச் சாலையில் குடையைப் பிடுங்கிக்கொண்டு போகும்;
போனால் போகட்டும் என்று வந்துவிடுவேன்.
இரவுப் பணி பதினொன்றுக்கு. அதுவரை
இருமல் மருந்து கேட்டு யாரும் என்னைக் கூப்பிட முடியாது.

இந்த வாரப் படம் இரண்டே முக்கால் மணி நேரம்.
அதில் நாற்பது நிமிடம் ட்ரோன் பறந்தது.
மேலேயிருந்து பார்த்தால் எந்தத் துக்கமும்
திராட்சைத் தோட்டம் மாதிரி வரிசையாய்த்தான் தெரியும்.
இறங்கி வா, முகத்தைக் காட்டு என்று
கத்த வேண்டும் போலிருந்தது.
நாயகி அழுவதற்கு முன்பே வயலின் அழுதுவிட்டது.
ஒரே ஓர் இடம் பிடித்தது:
ஷூ லேஸ் கட்டக் குனிந்த மாமனார்
எழ முடியாமல், முடியாததை மறைக்க,
கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டுகிறார்.
அதற்குக் காசு கொடுக்கலாம்.
மீதியைக் கவுன்டரில் திருப்பிக் கேட்க வேண்டும்.

பழைய படம்தான் படம் என்கிற கூட்டமும்
எனக்கு ஆகாது. மில்டன்,
முன்னாள் கணவன், இந்நாள் பக்கத்து இருக்கை,
கறுப்பு வெள்ளை என்றாலே சிலுவை போட்டுக்கொள்வான்.
பழசிலும் அட்டைக் கப்பல்கள் உண்டு,
அறை வாங்கியதும் காதலிக்கத் தொடங்கும் பெண்கள் உண்டு.
தூசி படிந்ததெல்லாம் தங்கமில்லை, மில்டன்.

ஆனால் ஒரு படம்.
தலைப்பு யாருக்கும் நினைவில்லை, கணக்கர் படம் என்போம்.
எண்பத்தாறில், மிராமார் தியேட்டரில், எனக்குப் பத்தொன்பது.
சாப்பாட்டு மேசையிலிருந்து கணக்கர் எழுகிறார்.
நாற்காலி பின்னால் நகர்கிறது, கிர்ர்.
சட்டென்று
கடல்.
கப்பலின் மேல்தளம். தொப்பியைக் காற்று தூக்குகிறது.
பெட்டி கட்டவில்லை, யாரிடமும் விடைபெறவில்லை.
இருட்டில் ஒருத்தி "ஹா" என்றாள். நான்தான்.

முப்பத்தெட்டு வருடம் அந்த வெட்டைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.
திருமண விருந்துகளில்,
வாயில் தெர்மாமீட்டர் வைத்தவர்களிடம்,
ஒரு முறை விவாகரத்து வக்கீலின் காத்திருப்பு அறையில்.
மனிதன் வீட்டைவிட்டுப் போவதை இப்படித்தான் காட்ட முடியும்,
நாற்காலி, கடல், அவ்வளவுதான் என்று
சொல்லிவிட்டுத்தான் நானும் ஒரு நாள் மேசையிலிருந்து எழுந்தேன்.

போன சனிக்கிழமை அதைப் புதுப்பித்துக் காட்டினார்கள்.
கீறல் இல்லை, திரையில் மழை இல்லை,
பல் விளக்கிய மாதிரி ஒரு வெளிச்சம்.
கணக்கர் எழுந்தார். நாற்காலி கிர்ர்.
நான் மில்டனின் முழங்கையைப் பிடித்தேன்.
கடல் வரவில்லை.
படியிறங்கினார். அம்மாவை முத்தமிட்டார்.
பெட்டியைத் திறந்தார், சட்டையை மடித்தார், ஜன்னலைப் பார்த்தார்.
இருபது வயலின்கள்.
அக்காவின் குழந்தை பொம்மையை நீட்டியது.
நான்கு நிமிடம், பதினொரு விநாடி.

வாசலில் நெல்சன் எச்செகோயென்,
மிராமாரின் பழைய ஆபரேட்டர், சூரோஸ் தின்றுகொண்டிருந்தார்.
"ஓ, அதுவா" என்றார்.
"கடைசிப் பேருந்து பன்னிரண்டேகாலுக்கு.
அந்த அழுகையை நறுக்கினால் பிடித்துவிடலாம்."
கத்தரிக்கோலா?
"சவரக் கத்தி."
சர்க்கரை ஒட்டிய விரலால் காற்றில் ஒரு கோடு போட்டார்.

மில்டன் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பியது.
"அப்படியானால், ஒந்தீனா,
நீ என்னைவிட்டுப் போனது
அறுபத்து நான்காம் நம்பர் பஸ்ஸுக்காக."

பதில் சொல்லவில்லை. மருந்துக்கடைக்கு நடந்தேன்.
இரவு இரண்டு மணிக்கு, யாருடைய குழந்தைக்கோ
காய்ச்சல் மாத்திரை எண்ணும்போது தீர்மானித்தேன்:
இயக்குநர் செய்தது தவறு, நெல்சன் செய்தது சரி.
என் கருத்தில் மாற்றமில்லை.
ஆளின் பெயரை மட்டும் திருத்திக்கொள்கிறேன்.

ஆனாலும் அந்தக் குழந்தை பொம்மையை நீட்டியபோது
வாங்காமல், கொடுக்க வேறொன்றும் இல்லாமல்,
தன் பேனாவை எடுத்து அதன் கையில் வைத்தாரே,
அதை நான் பார்த்ததாக
மில்டனிடம் இன்னும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை புதுப்படம்.
இதிலும் ட்ரோன் உண்டாம்.