வரிவசூல்காரி

சர்னி கால் பாறையில்
அந்தத் தடத்தின் பெயர் வரிவசூல்காரி.
இருபத்தாறு மீட்டர். பத்து போல்ட்.
சாய்வும் இல்லை, தொங்கலும் இல்லை;
தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துக் கட்டிய சுவர்போல
நெட்டுக்குத்து.
யார் ஏறினாலும்
விரல்நுனித் தோலில் கொஞ்சம் பிடித்தம் போகத்தான் அனுப்பும்.

கீழே நெடுஞ்சாலைப் பாலம்.
அதற்கும் அப்பால் கோப்பர் துறைமுகத்தின் கிரேன்கள்.
மூன்றாவது யெர்ட்சாவுடையது.
வாரத்தில் ஐந்து நாள்
கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து
கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கி
லாரியின் முதுகில் முட்டை வைப்பதுபோல் வைப்பாள்.
ஆறாம் நாள் தன்னையே தூக்க இங்கே வருவாள்.

கயிற்றின் இந்த முனையில் வோய்கோ.
போன மார்ச்சில் மணவிலக்கு.
காபி இயந்திரம் அவனுக்கு, பூனை அவளுக்கு.
கயிறு யாருக்கு என்று வழக்கறிஞர் கேட்கவில்லை.
எழுபது மீட்டர்.
பாதியாக வெட்டினால்
இருவருக்குமே உதவாது.

நாலாவது போல்ட்டுக்கு மேலேதான் வரி.
ஊரார் கைப்பொடியெல்லாம் அப்பிக் கிடக்கும்
வலப்பக்க விளிம்பு ஒன்று,
சவரக்கத்திக்குத் தங்கை.
அதைப் பிடி, இழு, வலக்காலை உயர்த்து,
விழு.
முப்பத்தோரு முறை.
ஒவ்வொரு முறையும் வோய்கோ
சின்னதாக ஒரு துள்ளல் துள்ளி
அவள் பாரத்தைத் தன் இடுப்பில் வாங்கினான்.
மணவாழ்க்கையில் இவ்வளவு மெதுவாக
எதையும் இவன் வாங்கிக்கொண்டதில்லை என்பாள்.
அவனும் மறுப்பதில்லை.

இன்று புரா காற்று.
பாறை வறண்டு, ரப்பர் ஒட்டுகிற குளிர்.
கழுத்து வலி என்று அவன்
தலையைத் தொங்கப்போட்டு
கயிற்றை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.
கயிறு சொல்கிறது:
யோசிக்கிறாள்.
இடுப்பை நகர்த்துகிறாள்.
பயப்படுகிறாள்.
யோசிக்கிறாள்.

மேலே அவள்
வெள்ளை விளிம்பின் பக்கமே திரும்பவில்லை.
இடது முட்டிக்கு நேரே
யாரும் தொடாத சாம்பல் நிறத்தில்
மழை அரித்த ஒரு குழி.
பாசிப்பயறு நிற்கும், மொச்சை நிற்காது.
அதில் பெருவிரல் நுனி.
குதிகால் கொஞ்சம் தாழட்டும்.
கைகள் பிடிக்கவில்லை,
பாறையைத் தட்டிக்கொடுக்கின்றன.
நாற்காலியிலிருந்து எழுவதுபோல எழ வேண்டும்,
நாற்காலி இல்லாமல்.

என் மொழியில்
கல் என்று எழுதி
நடுவே ஒரு துணைக்கால் போட்டால்
கால்.
அவ்வளவுதான் வித்தியாசம்.
அந்த ஒன்றுக்குத்தான்
மூன்று வருடம் வரி கட்டியிருக்கிறாள்.

கயிறு திடீரென்று வேகமாகப் போகிறது.
வோய்கோ நிமிர்வதற்குள்
ஐந்தாவது போல்ட், ஆறாவது.
வெயில் கண்ணில் அடிக்கிறது,
அவள் வெறும் கறுப்புப் புள்ளி.
அந்த அடியை எப்படி வைத்தாள் என்று
அவன் பார்க்கவில்லை.
யாருமே பார்க்கவில்லை.

உச்சிச் சங்கிலியில் கொக்கி விழும் சத்தம்.
கூச்சல் இல்லை.
துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே
"மூன்றாவது இன்றைக்கு ஓடவில்லை" என்கிறாள்.

இறக்குகிறான்,
பெட்டியை லாரியில் வைப்பதுபோல.
தரை தொட்டதும் கையை நீட்டிக் காட்டுகிறாள்:
நடுவிரலில் தோல் கிழிந்து ஒரு சிவப்பு.
"ரசீது."

அவன் கயிற்றை உருவுகிறான்.
அடுத்த சனிக்கிழமை வருவதற்கு
இனி காரணம் எதுவும் இல்லை.
உருவிய கயிறு காலடியில் வந்து குவிகிற வரை
இருவரும் பேசவில்லை.

"பக்கத்தில் ஒன்று இருக்கிறது" என்கிறான்,
"பொடிக்கறையே இல்லாமல்."

அவள் ஒரு ஷூவைக் கழற்றிவிட்டாள்.
இன்னொன்றை
இன்னும் கழற்றவில்லை.