ஆறாவது பத்தி

கடலூர் வானிலை நிலையத்துப் பழைய பதிவேடுகளைக்
கணினியில் ஏற்றப் பதினோரு மாத ஒப்பந்தம்.
பக்கத்துக்கு ஏழு ரூபாய், ஒரு பக்கம் ஒரு மாதம்.
போக வர ஷேர் ஆட்டோ இருபது ரூபாய் ஆகிறது;
தினமும் முதல் மூன்று மாத மழை
ஆட்டோக்காரருக்குப் போய்விடும்.

ஆறாவது பத்தியின் தலைப்பு பனிப்பொழிவு.
எந்த மலையூருக்கோ அச்சடித்த படிவம்.
கெடிலக் கரையில் உட்கார்ந்துகொண்டு
அதற்கும் நாள்தோறும் ஒரு கோடு போட்டிருக்கிறார்
த. கனகசபாபதி, பார்வையாளர், நிலை இரண்டு.
கத்திரி வெயிலிலும் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.

அவர் காலத்து ஐப்பசி
நாலு மில்லி, பதினொன்று, ஆறு, ஆறு, பத்தொன்பது,
பிறகு ‘டி’ என்று ஓரெழுத்து
(புனல் நனைந்தது, அளக்க எதுவும் இல்லை),
மறுபடி எட்டு, மறுபடி மூன்று.
அடைமழை என்றால் இதுதான் போலிருக்கிறது,
மணிக்கட்டு வலிப்பது.

பின்னால் வந்த பதிவேடுகளில் வேலை சுலபம்.
சுழி, சுழி, சுழி,
டீ குடித்துக்கொண்டே ஒற்றை விரலால் அடிக்கலாம்.
திடீரென்று ஒரே கட்டத்தில் மூன்று இலக்கம்.
அப்புறம் மறுபடியும் சுழி.

ரெஜினா மேடம் வரைந்த படத்தில்
ஆண்டுக் கூட்டுத்தொகை கிட்டத்தட்டப் படுத்தே கிடந்தது.
“மொத்தத்துல பெருசா மாறலையே” என்றார்.
மாசச் சம்பளத்தை ஒரே ராத்திரியில் குடித்துத் தீர்க்கிறவனுக்கும்
மொத்தம் மாறுவதில்லை, மேடம்.
இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஓராண்டை மட்டும் எனக்கு முன்பே யாரோ ஏற்றியிருந்தார்கள்.
சரிபார்த்தால் போதும், பாதிக் கூலி.
நவம்பர் பதினேழு: 0.0

எனக்கு அந்தத் தேதி தெரியும்.
குண்டு உப்பலவாடிக்குள் பெண்ணையாறு வந்த நாள்.
எங்கள் பிரிட்ஜ் எழுந்து நடுவீட்டில் மிதந்தது.
தண்ணீர் வடிந்து கதவைத் திறந்தபோது
உள்ளே இட்லி மாவு நனையாமல் புளித்திருந்தது.

கட்டை அவிழ்த்து மூலத்தைத் தேடினேன்.
எண் எதுவும் இல்லை, வெறும் கட்டம்.
ஓரத்தில் பென்சிலில், கனகசபாபதிக்குப் பின் வந்த யாரோ:
மழைமானி முழுகிவிட்டது. கிட்டப் போக முடியவில்லை.
காலி என்பதைச் சுழி என்று வாசித்திருக்கிறார்கள்.
கடலூரில் அன்று மழையே இல்லை என்று
எத்தனை சராசரிகளுக்குள் போயிருக்குமோ.

பக்கத்து நிலையங்களை வைத்து
மென்பொருளே ஓர் எண் சொல்லும் என்றார் மேடம்.
சொல்லிற்று: எண்பத்தாறு.
“எண்பத்தாறு மில்லிக்குப் பிரிட்ஜ் மிதக்காது மேடம்.”
“உன் பிரிட்ஜ் வானிலை நிலையம் இல்லம்மா.
அது சாத்தனூர்ல திறந்துவிட்ட தண்ணியாவும் இருக்கலாம்.”
அதுவும் சரிதான்.
எனக்குத் தெரிந்தது ஆறு. மழை எவ்வளவு என்று
அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

விடுபட்டதற்கு விதிப்படி ஒரு குறி உண்டு,
மைனஸ் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது.
சுழியை அழித்துவிட்டு அதை அடித்தேன்.
மூன்று ரூபாய் ஐம்பது காசு வேலைக்கு
அரைநாள் போயிருந்தது.

மூடுவதற்கு முன் அந்த வரிசையை
இன்னொரு முறை விரல் வைத்துப் பார்த்தேன்.
வெப்பநிலை இல்லை. காற்று இல்லை. மழை இல்லை.
ஆறாவது பத்தியில்
பென்சில்காரர் அன்றைக்கும் மறக்காமல்
கோடு போட்டிருந்தார்.